பதினொன்றில் நான்கு

(திண்டிவனத்தில் அறிவியல் ஆசிரியர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதிய உணவுக்குப் பிறகு உயிர்வேதியியல் பேசு என்று என்னை நிறுத்தியிருக்கிறார்கள். கண் சொருகினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பதினொன்று, நான்கு என்ற இரண்டு எண்களை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றித்தான் வரப்போகிறது.

எட்டாம் வகுப்பில் நுண்ணுயிரிகள் பாடம் நடத்தும்போது பாக்டீரியா "எளிய உயிரி" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஒரே செல், உட்கரு இல்லை, சவ்வு சூழ்ந்த நுண்ணுறுப்புகள் இல்லை. இப்படி இல்லாதவற்றின் பட்டியலாகவே அதை அறிமுகம் செய்கிறோம். ஆனால் அந்த ஒற்றைச் செல் சாப்பாடு இருக்கிறதா, சூடு கூடுகிறதா, இது பிளவுபடும் நேரமா என்றெல்லாம் கவனித்து நொடிகளில் தன்னை மாற்றிக்கொள்கிறது. நரம்பும் மூளையும் இல்லாமல் இதை எப்படிச் செய்கிறது?

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. மரபணுவைப் படித்துப் புதுப் புரதம் தயாரிப்பது ஒன்று. அதற்கு நேரம் ஆகும், செலவும் அதிகம். ஏற்கெனவே இருக்கும் புரதத்தை ஓட விடுவதும் நிறுத்துவதும் இன்னொன்று. வகுப்பில் இதற்கு நான் சொல்லும் உவமை நம் விழுப்புரம் கோட்டப் பேருந்துதான். செஞ்சி வழித்தடத்தில் கூட்டம் அதிகம் என்றால் புதுப் பேருந்து விடலாம். அதற்குக் கோப்பு நகர வேண்டும், வண்டி வர வேண்டும், ஓட்டுநர் வர வேண்டும். நிறுத்தத்தில் நிற்பதற்கும் கிளம்புவதற்கும் அதெல்லாம் தேவையில்லை. நடத்துநரின் விசில் போதும்: ஒன்று ஊதினால் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும்.

செல்லுக்குள் அந்த விசில்தான் பாஸ்பேட். கைனேஸ் என்ற நொதி ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து ஒரு புரதத்தின் மேல் வைக்கிறது. செரின், திரியோனின், டைரோசின் போன்ற சில அமினோ அமிலங்கள்தான் அதற்கு இடம் தரும். பாஸ்பேட்டோடு எதிர்மின்சுமையும் வந்து சேருகிறது. அதுவரை நெருங்கி மடிந்திருந்த பகுதிகள் விலகலாம், விலகியிருந்தவை ஒட்டலாம். வடிவம் மாறினால் வேலை மாறும். வேலை முடிந்ததும் பாஸ்பேட்டேஸ் என்ற வேறொரு நொதி வந்து அதைக் கழற்றிவிடும். இதைத்தான் புரதப் பாஸ்பரிகரணம் என்கிறோம். எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவரும் 1950களில் தசையில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதியில் இதைக் கண்டார்கள். 1992இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே மேல்நிலை வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பதினொன்றாம் வகுப்பில் ஒளிப் பாஸ்பரிகரணம் என்று நடத்துகிறோமே, அதில் பாஸ்பேட் போய்ச் சேருவது ஏடிபியில். ஏடிபி ஏடிபி என்று இரண்டும் தமிழில் ஒரே மாதிரி ஒலிக்கும் தொல்லை வேறு! சரியாகச் சொன்னால், இரண்டு பாஸ்பேட் உள்ள மூலக்கூறு மூன்று பாஸ்பேட் உள்ளதாக ஆகிறது. ஆற்றலைச் சேமிப்பதுதான் அங்கே நோக்கம். நான் இப்போது பேசுவதில் பாஸ்பேட் போய்ச் சேருவது ஒரு புரதத்தின் மேல். நோக்கம் கட்டுப்பாடு. ஒரே சொல் இரண்டு வேலைக்கு வருவதால் பிள்ளைகள் குழம்புவது இயல்பு. முதல் வகுப்பிலேயே பிரித்துச் சொல்லிவிட்டால் நல்லது.

மனித ஜீனோமில் இப்படிப்பட்ட கைனேஸ்கள் ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. பாக்டீரியாவில் மிகக் குறைவு. ஜீனோமே சுருங்கிப்போன பாக்டீரியாவில் இன்னும் குறைவு. மைக்கோபிளாஸ்மா நிமோனியே என்ற நுரையீரல் கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் டிஎன்ஏ வெறும் 8 லட்சத்துச் சொச்சம் எழுத்துகள், மரபணுக்கள் எழுநூறுக்குள். அதில் அறியப்பட்ட புரதக் கைனேஸ்கள் இரண்டு, தனி பாஸ்பேட்டேஸ் ஒன்று. ஆனால் 2010இல் அதன் புரதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 63 புரதங்களின் மேல் பாஸ்பேட் இருந்தது. இருக்கும் இரண்டு கைனேஸ்களும் சேர்ந்தே இத்தனைக்கும் கணக்குச் சொல்ல முடியவில்லை. சில புரதங்கள் தமக்குத் தாமே பாஸ்பேட் வைத்துக்கொள்கின்றன. சிலவற்றில் நொதி தன் வழக்கமான வேலையின் நடுவில் பாஸ்பேட்டைத் தன் மேலேயே தாங்கி நிற்கிறது. எளிய உயிரி என்ற சொல்லை நான் கொஞ்சம் தயங்கித்தான் சொல்கிறேன் என்றேனே, காரணம் இதுதான். 2016இல் அமெரிக்காவில் கிரேக் வெண்டர் குழுவினர் உயிர்வாழப் போதுமான மிகக் குறைந்த மரபணுக்களை மட்டும் வைத்து ஒரு செல்லை அமைத்தார்கள். மொத்தம் 473 மரபணுக்கள். எடுத்தால் செத்துவிடும், வைத்தால் என்ன செய்கிறது என்று தெரியாது என்ற நிலையில் அவற்றுள் 149 இருந்தன.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம்.

2001 பிப்ரவரியில் நேச்சர் இதழில் ஒரு கிருமியின் முழு ஜீனோம் வெளியானது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் இங்கிலாந்தின் சேங்கர் மையமும் சேர்ந்து செய்த வேலை. அந்தக் கிருமியின் ரகப் பெயர் "டிஎன்". இங்கே யாருக்காவது அது என்ன என்று ஊகிக்க முடிகிறதா? தமிழ்நாடுதான். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து வந்த கிருமி. அதன் பெயர் மைக்கோபாக்டீரியம் லெப்ரே, தொழுநோய்க் கிருமி.

நார்வேயில் ஹான்சன் இதைக் கண்டது 1873இல். நூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் எந்த ஆய்வகத் தட்டிலும் இதை வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்தில் வளர்கிறது. உடல்வெப்பம் குறைந்த அர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கில் வளர்கிறது. நம் உடலிலும் குளிர்ச்சியான இடங்களைத்தான் அது தேடும்: காது மடல், மூக்கு, விரல்கள், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள். தமிழ்நாட்டிலிருந்து போன கிருமியை அர்மடில்லோவில் பெருக்கித்தான் டிஎன்ஏ எடுத்தார்கள்.

படித்துப் பார்த்தபோது தெரிந்தது இது. மொத்தம் 32,68,203 எழுத்துகள். அதன் நெருங்கிய உறவான காசநோய்க் கிருமிக்கு 44 லட்சத்துக்கும் மேல். சுருங்கியது மட்டும் வியப்பல்ல. மீதியிருக்கும் டிஎன்ஏவிலும் பாதிக்குக் கீழேதான் வேலை செய்யும் புரதங்களுக்கான குறிப்பு இருக்கிறது. வேலை செய்யும் மரபணுக்கள் சுமார் 1,600. உடைந்துபோன போலி மரபணுக்கள் 1,100க்கும் மேல்.

போலி மரபணு என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால் செஞ்சிக் கோட்டையைக் காட்டுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைகளில் அங்கே சுற்றுலா போகாதவர்கள் குறைவு. குதிரை லாயத்தில் இன்று குதிரை இல்லை, களஞ்சியத்தில் நெல் இல்லை. ஆனாலும் சுவரைப் பார்த்தே இது லாயம், இது களஞ்சியம் என்று சொல்லிவிடலாம். போலி மரபணுவும் அப்படித்தான். நடுவில் எழுத்து மாறியும் விடுபட்டும் போய்ப் படிக்க முடியாமல் ஆகியிருக்கிறது. ஆனால் முன்பு இங்கே எந்த நொதிக்கான குறிப்பு இருந்தது என்று அடையாளம் தெரிகிறது. பராமரிக்க ஆள் இல்லாத கட்டடம்தான் இடியும். மனித உடலுக்குள்ளேயே வாழப் பழகிய கிருமிக்கு, உணவையும் வெப்பத்தையும் நாமே கொடுத்துவிடுவதால், பல மரபணுக்கள் உடைந்தாலும் நட்டம் தெரியவில்லை. உடைந்தவை அப்படியே தங்கிவிட்டன. கிருமி "இது வேண்டாம்" என்று முடிவெடுத்துத் தூக்கி எறிந்ததாகப் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். அதற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

கண் சொருகியவர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். காசநோய்க் கிருமியில் செரின், திரியோனின் மேல் பாஸ்பேட் வைக்கும் கைனேஸ்கள் பதினொன்று. ஏ, பி, டி, ஈ என்று எழுத்துகளால் பெயர். தொழுநோய்க் கிருமியில் வேலை செய்யும் நிலையில் மிஞ்சியவை நான்கு: பிகேஎன்-ஏ, பிகேஎன்-பி, பிகேஎன்-ஜி, பிகேஎன்-எல். பாஸ்பேட்டைக் கழற்றும் பிஎஸ்டிபி என்ற ஒரே நொதி இரண்டு கிருமிகளிலும் அப்படியே இருக்கிறது. மாட்டுவதற்குப் பதினொரு கை இருந்தபோதும் கழற்றுவதற்கு ஒரு கைதான், நான்கு ஆனபோதும் ஒரு கைதான். ஹிஸ்டிடின் மேல் பாஸ்பேட் வைக்கும் வேறு வகைக் கைனேஸ்களும் உண்டு. அவையும் குறைந்துவிட்டன. இன்று அதற்குள் போகவில்லை.

ஏன் இந்த நான்கு? தொழுநோய்க் கிருமியையே தட்டில் வளர்க்க முடியாததால் காசநோய்க் கிருமியிலும் அதன் மற்ற உறவுகளிலும் கண்டதை வைத்துத்தான் பேச முடியும்.

பிகேஎன்-பியின் ஒரு முனை செல்லுக்கு வெளியே, சுவர்ப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. சுவர் கட்டும் சரக்கின் துண்டுகள் அந்த முனையில் ஒட்டும். உள்ளே இருக்கும் மறுமுனை அப்போது பாஸ்பேட் வைக்கும் வேலையைச் செய்கிறது. சுவர்ச் சரக்கை வெளியே கொண்டுபோகும் புரதம், செல்லின் முனை வளர்ச்சியை வழிநடத்தும் புரதம், இப்படிச் சுவரெழுப்பும் பல இடங்களில் பிகேஎன்-ஏ, பிகேஎன்-பி இரண்டின் கையெழுத்து இருக்கிறது. கட்டட வேலையில் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சித்தாளுக்குக் குரல் கொடுப்பாரே, அந்த வேலை. காசநோய்க் கிருமியில் இவை இரண்டும் இல்லாவிட்டால் செல் பிழைக்காது. எனவே ஜீனோம் எவ்வளவு இடிந்தாலும் இவை நின்றன.

பிகேஎன்-ஜி வேறு ரகம். கார்-ஏ என்ற சின்னப் புரதம் ஒன்று செல்லின் சமையல் கட்டில் வால்வு போல நிற்கிறது. பாஸ்பேட் இல்லாதபோது அது சில நொதிகளைப் பிடித்துக்கொண்டு கார்பன் பொருள்களை குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்தின் பக்கம் திருப்பிவிடும். பிகேஎன்-ஜி ஒரு பாஸ்பேட் வைத்ததும் பிடி விடும். போக்கு ஆற்றல் பக்கம் திரும்பும். ஒரு பாஸ்பேட்டில் பாதை மாறுகிறது, புது நொதி எதுவும் தயாரிக்கவில்லை. இதே பிகேஎன்-ஜி இன்னொன்றும் செய்கிறது. நம் வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கினால் அடுத்த படி செரிமானப் பைக்கு அனுப்புவது. பிகேஎன்-ஜி அந்தப் பயணத்தைத் தடுப்பதாக 2004இல் பிசிஜி கிருமியை வைத்துக் காட்டினார்கள். செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமி அதை இழக்காமல் இருந்ததில் வியப்பில்லை.

நான்காவது பிகேஎன்-எல். இதில் நாம் பெருமைப்பட இடமுண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வீட்டிலிருந்தே சிகிச்சை எடுக்கலாம் என்று உலகத்துக்கு நிரூபித்த இடம் என்பது உங்களுக்குத் தெரியும். அதே இடத்தில் 2009ஐ ஒட்டி இரண்டு கைனேஸ்களை ஆராய்ந்தார்கள். ஒன்று பிகேஎன்-எல். உணவு கிடைக்காத பட்டினிக் காலத்தைச் சமாளிப்பதில் அதற்குப் பங்கு இருப்பதாகக் கண்டார்கள். மற்றொன்று பிகேஎன்-ஐ. அதை நீக்கிவிட்டால் கிருமி பலவீனமாகும் என்றுதானே நினைப்போம்? வெள்ளணுக்களுக்குள் அது இன்னும் நன்றாக வளர்ந்தது. அதாவது பிகேஎன்-ஐ ஒரு தடை போலச் செயல்பட்டிருக்கிறது. சென்னையில் ஆராய்ந்த இந்த இரண்டில் பிகேஎன்-எல் தொழுநோய்க் கிருமியில் நிலைத்தது, பிகேஎன்-ஐ நிலைக்கவில்லை. பத்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லி, ஏன் என்று விவாதிக்க விடுங்கள். சரியான விடை ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

சரி, இதையெல்லாம் பள்ளியில் சொல்வதால் என்ன ஆகப்போகிறது என்று பின்வரிசையில் ஒருவர் முகத்தில் கேள்வி தெரிகிறது. நியாயமான கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவிக்குக் கையில் வெளிறிய படை இருந்தது. அரிக்கவில்லை, வலிக்கவில்லை. அதனாலேயே வீட்டில் தேமல் என்று விட்டிருந்தார்கள். பள்ளிக்கு வந்த மருத்துவக் குழு பார்த்துவிட்டு, படையில் தொடு உணர்ச்சி இல்லை என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியது. தொழுநோய், ஆரம்ப நிலை. ஆறு மாத மாத்திரை, இலவசம். அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் வந்து கேட்டது மருந்தைப் பற்றி அல்ல. "டீச்சர், வெளிய தெரிஞ்சிடாதே? நாளைக்கு இவளுக்கு ஒரு நல்லது கெட்டது நடக்கணும்ல?" என்றார். எப்படியோ தெரிந்துதான் போயிற்று. உறவு வீட்டு விசேஷம் ஒன்றுக்கு "பொண்ண கூட்டிட்டு வராதீங்க" என்று சொல்லிவிட்டார்கள். என் வகுப்பிலும் இரண்டு நாள் அவள் பெஞ்சில் இடம் காலியாக இருந்தது.

மூன்றாம் நாள் அவளே என்னிடம் கேட்டாள். "மிஸ், இது எனக்கு யார்கிட்ட இருந்து வந்தது? எப்ப வந்தது?"

அந்தக் கேள்விக்கு அறநெறி வகுப்பு விடை ஆகாது. கணக்குதான் விடை. கரும்பலகையில் போட்டேன். குடலில் இருக்கும் ஈ.கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். 26 முறை இரட்டிப்பாக 520 நிமிடம், ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. தொழுநோய்க் கிருமி ஒரு முறை இரட்டிப்பாகவே சுமார் 14 நாள். 26 முறைக்கு ஓர் ஆண்டு. அதனால்தான் கிருமி நுழைந்ததற்கும் படை தெரிவதற்கும் இடையில் சராசரியாக ஐந்தாண்டு, சிலருக்கு இருபதாண்டு கூட ஆகிறது. நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்து வந்ததல்ல. மருந்து தொடங்கிய பிறகு அவளிடமிருந்து பிறருக்கு வரப்போவதும் இல்லை. நான் பெருக்கி முடிப்பதற்குள் ஒரு பையன் விடையைச் சொல்லிவிட்டான். பிறகு எழுந்து போய் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவனும் அவன்தான். கணக்குப் பாடத்தின் வெற்றியா, நல்ல பையனா, இரண்டில் எது என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. மாணவி மாத்திரையை முழுதும் முடித்தாள். இப்போது மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள்.

இந்த வட்டாரம் இந்த நோயை நன்றாக அறிந்த வட்டாரம். நமக்கு வடக்கே மதுராந்தகம் பக்கத்தில் பொலம்பாக்கத்தில் 1955இல் பெல்ஜியம் நாட்டு மருத்துவர் ஹெமரிக்ஸ் ஒரு மையம் தொடங்கினார். நோயாளிகளை ஒரு மதிலுக்குள் அடைக்காமல், கிராமம் கிராமமாகப் போய் மரத்தடியில் சிகிச்சை கொடுத்தார்கள். அவருக்குப் பிறகு அதை நடத்திய மருத்துவர் கிளேர் வெல்லுட் இந்தியக் குடியுரிமையே பெற்று இங்கே வாழ்ந்தார். செங்கல்பட்டு அருகே திருமணியில் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அந்நாளில் டாப்சோன் என்ற ஒரே மாத்திரையை ஆண்டுக்கணக்கில் விழுங்கினார்கள். கிருமி அதற்கு எதிர்ப்பு பெறத் தொடங்கியதால் 1981இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இன்றுவரை அதுதான்: ரிஃபாம்பிசின், டாப்சோன், குளோஃபசிமின். ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம்.

தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே என்ற இலக்கை 2005 இறுதியில் எட்டினோம். அதைத் தொழுநோய் ஒழிந்தது என்று பலர் புரிந்துகொண்டார்கள். இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கும் மேல் இந்தியாவில்தான், ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரளவில். தொழுநோய் இருந்தால் மணமுறிவு கேட்கலாம் என்ற விதி நம் தனிநபர் சட்டங்களிலிருந்து நீங்கியதே 2019இல்தான். அந்தத் தாயின் பயத்தை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இப்போதுள்ள மருந்துகளில் எதுவும் கைனேஸைக் குறிவைப்பதில்லை. ரிஃபாம்பிசின் மரபணுவைப் படிக்கும் நொதியைத் தடுக்கிறது, டாப்சோன் ஃபோலிக் அமிலத் தயாரிப்பைத் தடுக்கிறது. கைனேஸைத் தடுத்து நோயைக் கட்டுப்படுத்தலாம் என்பது மனிதரில் மெய்ப்பட்டுவிட்டது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் 2001 முதல் அப்படித்தான் வேலை செய்கிறது. காசநோய், தொழுநோய் இரண்டுக்கும் பொதுவான பிகேஎன்-பியைத் தடுக்கும் பொருள்களைப் பல நாட்டு ஆய்வகங்கள் தேடுகின்றன. நம் உடலின் ஐந்நூறு கைனேஸ்களைத் தொடாமல் கிருமியின் ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டும். சிரமம் அங்கேதான்.

பிரேசில் நாட்டுக் கிருமி ஒன்றின் ஜீனோமை நம் டிஎன் ரகத்தோடு 2009இல் ஒப்பிட்டார்கள். 99.995 விழுக்காடு ஒன்றேதான். கடல் கடந்த தொலைவில் பிரிந்து வாழ்ந்தும் அந்த நான்கு கைனேஸ்களும் அப்படியே இருக்கின்றன என்றால், அவற்றைக் குறிவைக்கும் மருந்து ஓரிடத்தில் பலித்தால் மற்ற இடத்திலும் பலிக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

கடைசியாக ஒரு செயல்பாடு. பாஸ்பேட்டின் எதிர்மின்சுமை ஒரு புரதத்தின் வடிவத்தை எப்படி மாற்றும் என்று காட்ட எந்தக் கருவியும் வேண்டாம். மெல்லிய பாலிதீன் பையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை வெட்டுங்கள். நடுவில் மடித்து ஸ்கேல் மேல் தொங்கவிடுங்கள். இரண்டு கால்களும் ஒட்டித் தொங்கும். கம்பளித் துணியால் இரண்டையும் மேலிருந்து கீழாக நான்கைந்து முறை உருவுங்கள். பாலிதீனில் எதிர்மின்சுமை ஏறி, கால்கள் கவட்டை போல விரியும். ஈரக் கையால் தடவினால் சுமை போய்விடும், கால்கள் மீண்டும் சேரும். உருவும் கம்பளி கைனேஸ், ஈரக் கை பாஸ்பேட்டேஸ். ஐப்பசி கார்த்திகையில் இதைச் செய்து காட்ட முயலாதீர்கள், நம் ஊர் ஈரக்காற்றில் விரியாது. பங்குனிக்குத் தள்ளிவையுங்கள்.

பட்டைகள் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். வரிசைக்கு நான்கு எடுத்துக்கொண்டு பின்னால் அனுப்புங்கள். மின்விசிறியை மட்டும் யாராவது நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பட்டை பறந்துவிடும்.